இடது முன்சக்கரம்

ஒதியம்பட்டு,
5 ஏப்ரல் 2024

திரு. மணவாளன் அவர்களுக்கு,

வில்லியனூரில் என்னைப் பற்றி மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன் என்பது ஒன்று. எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்பது இன்னொன்று. எழுபத்துநாலு வயதுக் கிழவி கையில் காரை யார் கொடுத்தது என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. ஜனவரியில்தான் கண் மருத்துவரிடம் போய்வந்தேன். காரை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, அது என்னுடையது. என் கணவர் இறந்து பதினோரு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். அன்றைக்கு நான் மிதித்தது பிரேக்கைத்தான்.

பின்னால் யாரும் மறுக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மார்ச் பன்னிரண்டாம் தேதி அம்பாசடரை உங்கள் கடையில் விட்டேன். நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேலை செய்து பதினாறாம் தேதி கொடுத்தீர்கள். இருபத்துநான்காம் தேதி குருத்தோலை ஞாயிறு. மாதா கோயில் தெருவில் மெதுவாகத்தான் போனேன். கோயில் வாசலில் நிறுத்தப் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல், யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததுபோல வலது பக்கம் திரும்பிற்று. அங்கே மெழுகுவத்தியும் பூவும் விற்கிற தனக்கொடியின் பலகையில் மோதிற்று. பலகை அவள் காலில் விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டது.

அரும்பார்த்தபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ராஜேஷ் காரை இழுத்துப்போய் இடது முன்சக்கரத்தைத் திறந்து பார்த்தான். லைனிங் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கிரீஸ் கையோடு வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்றான். மறுநாள் உங்கள் கடை வாசலில் நின்று நான் சொன்னதும் இதுதான். குரலை உயர்த்துவது என் வழக்கம் அல்ல. ஆனால் சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை.

என் வீட்டில் கதவுக் கீல் முதல் தையல் இயந்திரம் வரை மாதம் தவறாமல் எண்ணெய் காணும். கவனக்குறைவு இந்த வீட்டில் கிடையாது. ஆனால் பங்குத் தந்தை என்னைத் தனியாக அழைத்து, “இனிமேல் யாராவது உங்களைக் கூட்டிவந்தால் நல்லதில்லையா அம்மா?” என்று கேட்கிறார். குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்கிறார்.

உங்கள் வேலையில்தான் தவறு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டும் நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எழுத்தில்தான் கேட்டிருப்பேன்.

சகாயராணி


வில்லியனூர்,
13 ஏப்ரல் 2024

மதாம் அவர்களுக்கு மணவாளன் எழுதுவது.

இருபது வருஷமாக “மணவாளா, நீ” என்று கூப்பிட்டவர்கள் “நீங்கள்” என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்தவுடனே மீதியைப் படிக்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன். என் சம்சாரம் விஜயகுமாரிதான் படிக்கச் சொன்னாள்.

எனக்கு உங்கள் மாதிரி எழுத வராது. செய்ததைச் சொல்கிறேன். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் ரிவெட் அடித்தேன். டிரம் நாலையும் லேத்தில் கொடுத்துச் சீவினேன். இடது முன்சக்கரத்தில் சிலிண்டர் ரப்பர் ஊறிப்போயிருந்தது, மாற்றினேன். கையைப் பெட்ரோலில் கழுவித் துணியில் துடைத்த பிறகுதான் லைனிங் அடித்த பிரேக் ஷூவைத் தொடுவேன். அப்புறம் டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்தோம். நீங்கள்தான் உள்ளே உட்கார்ந்து மிதித்தீர்கள். “அமுக்குங்க மதாம், அப்டியே புடிங்க, வுடுங்க” என்று நான் கீழே இருந்து கத்தியதற்கு, “ஒரே வார்த்தையை எத்தனை முறைடா சொல்லுவாய்?” என்று திட்டினீர்கள். கடைசியில் சக்கர மூடியைக் கழற்றி, டிரம்மில் இருக்கிற துளை வழியாகத் திருப்புளியை விட்டு, சக்கரம் பிடிக்கிற வரைக்கும் திருகி, ஒரு பல் பின்னால் விட்டேன். பக்கத்தில் நின்று, “இறுக்கியதை ஏன் தளர்த்துகிறாய்?” என்று கேட்டீர்கள். தளர்த்தாவிட்டால் உரசிச் சூடாகும் என்று சொன்னேன். கூடப்பாக்கம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கையை விட்டால்கூட வண்டி நேராக நின்றது.

கொடுக்கும்போது ஒன்று சொன்னேன், ஞாபகம் இருக்கும். புது லைனிங், சீவின டிரம், கொஞ்ச நாள் கீச்சென்று கத்தும், ஓடி ஓடித் தேய்ந்து உட்கார்ந்தால் நின்றுவிடும், பயப்படாதீர்கள் என்று.

லைனிங்கில் எண்ணெய் பட்டால் அது டிரம்மைப் பிடிக்காது, வழுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் வண்டி பிடிக்கிற பக்கம் இழுக்கும். நீங்கள் சொல்கிற மாதிரிதான் நடந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்ன எண்ணெய் என்று ராஜேஷ் சொன்னானா? கிரீஸ் என்றால் கெட்டியாக மஞ்சளாக இருக்கும். பிரேக் ஆயில் என்றால் சிலிண்டர் கசிந்திருக்கும், டப்பாவில் அளவு இறங்கியிருக்கும். ஷூவை என் கையில் கொடுத்தால் முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வரட்டுமா?

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில், “யோவ் மணவாளா, மதாம் காருக்குப் பிரேக் போட்டியா, வழுக்குமரம் நட்டியா?” என்று கேட்கிறார்கள். சிரிக்கத்தான் கேட்கிறார்கள். ஆனால் வேலைக்கு வந்திருந்த இரண்டு வண்டியையும் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தொழிலில் இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் என் கையை நானே முகர்ந்து பார்க்கிறேன். துடைத்தேனா, துடைத்ததாக நினைத்துக்கொள்கிறேனா என்று.

தனக்கொடியைப் போய்ப் பார்த்தேன். அது பூப் பெட்டியைத் தூக்க முடியாமல் நொண்டிக்கொண்டு நிற்கிறது. பெட்டிக்கு அடியில் இரண்டு சக்கரம் வைத்துக் கொடுத்தேன், தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

செய்யாததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

மணவாளன்


ஒதியம்பட்டு,
20 ஏப்ரல் 2024

திரு. மணவாளன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

என்ன எண்ணெய் என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டியதை என்னிடம் கேட்பது பொருத்தமில்லை. அந்த ஷூவை ராஜேஷ் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டான். முகர்ந்து பார்க்க இனி ஒன்றும் இல்லை. நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால் நான் பார்ப்பதற்கில்லை.

தனக்கொடிக்குச் சக்கரம் வைத்துக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் குற்றமில்லாதவர் அப்படிச் செய்வாரா என்று ஊரில் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை, கேட்கிறார்கள் என்று சொல்கிறேன்.

உங்களுக்கே உங்கள் கையில் சந்தேகம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கும்போது கையெழுத்துப் போடுவதில் என்ன தயக்கம்?

சகாயராணி


வில்லியனூர்,
6 மே 2024

மதாம் அவர்களுக்கு,

கடையைப் பூட்டிவிட்டேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சரக்குத் தூக்குகிற வண்டிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், ஷிஃப்ட் வேலை, சேர்ந்துவிட்டேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடி எழுதியிருக்கிறேன். “இடது முன்சக்கரத்தில் லைனிங் மாட்டும்போது என் கவனக்குறைவால் கிரீஸ் பட்டுவிட்டது. அதனால்தான் விபத்து நடந்தது. மதாம் சகாயராணி மேல் எந்தத் தப்பும் இல்லை.” கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

ஏன் போட்டேன் என்று விஜயகுமாரி கேட்டாள். “செய்யலன்னுதான சொன்ன? அப்றம் இன்னாத்துக்கு எழுதிக் குடுக்கற? உனுக்கு இன்னா பைத்தியமா?” என்று இரண்டு நாள் சோறு போடாமல் சண்டை. தினமும் ராத்திரி அந்தச் சக்கரத்தை மனசுக்குள்ளே கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன் மதாம். ஒரு நாள் துடைத்த மாதிரி இருக்கிறது, ஒரு நாள் துடைக்காத மாதிரி இருக்கிறது. வேறு யாரும் அந்தச் சக்கரத்தைத் தொடவில்லை என்றால் நான்தானே? நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் நான்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான் என்று ஆகிவிட்டால் தூக்கமாவது வரும்.

மணவாளன்


ஒதியம்பட்டு,
2 ஜூன் 2024

மணவாளா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். நான்கு முறையும் என்னை நல்லவளாகக் காட்டும் வாக்கியம் ஒன்று நடுவில் வந்துவிட்டது. ஐந்தாவதில் அது ஆரம்பத்திலேயே வந்தது. இதிலும் வந்திருந்தால் அதை விட்டுவிட்டுப் படி.

சக்கரத்தைத் தொட்டது நான்தான்.

நீ காரைக் கொடுத்த மறுநாள், பதினேழாம் தேதி, ஞாயிறு பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் நிறுத்தும்போது பிரேக் கத்திற்று. கொஞ்சநஞ்சமாக அல்ல. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்குழுப் பெண்களில் ஒருத்தி, “காத மூடுங்கடி, மதாம் வந்துட்டாங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கி நேராக நடந்து முதல் வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கன்னியர் பள்ளியில் படித்தபோது நாற்காலியை இழுத்துச் சத்தம் செய்தால் முழங்காலில் நிற்க வேண்டும். அறுபது வருடத்துக்குப் பிறகு அன்றைக்கு முழங்காலில் நிற்பதுபோல இருந்தது.

கொஞ்ச நாளில் நின்றுவிடும் என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. ஊரே வாசலில் நிற்கும். சனிக்கிழமை மாலை இடது முன்சக்கரத்தின் மூடியைக் கழற்றினேன். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. நீ திருப்புளி விட்ட துளை எனக்குத் தெரியும். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் நீண்ட மூக்குள்ள கிண்ணத்தை எடுத்துவந்து அந்தத் துளையில் விட்டேன். கொஞ்சம் அல்ல. காலியாகும் வரை விட்டேன். பிரேக்குக்கே எண்ணெய்தானே ஊற்றுகிறார்கள், நீ டப்பாவில் ஊற்றியதை நானே பார்த்தேனே என்று நினைத்தேன். எண்ணெய் இல்லாததால் கத்துகிறது என்று நினைத்தேன். மூடியை மாட்டித் துடைத்து வைத்தபோது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் பிரேக் கத்தவில்லை.

என் முதல் கடிதத்தை எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் என் சத்தியத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்றும் தெரியும். லைனிங்கில் எண்ணெய் பட்டால் வழுக்கும் என்று நீ எழுதிய வரியைப் படித்தபோதுதான் தெரிந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து உனக்கு அந்த இரண்டாவது கடிதத்தை எழுதினேன். ராஜேஷ் ஷூவை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டான் என்று எழுதினேன் அல்லவா? அப்போது அவன் கழுவியிருக்கவில்லை. கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகு போய் நான்தான் கழுவச் சொன்னேன்.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை மூன்று நாள் கைப்பையில் வைத்திருந்தேன். நாலாம் நாள் பங்குத் தந்தையிடம் காட்டினேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ராஜேஷிடம் காட்டினேன். அவன் போனில் படம் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு முறை போனேன். பொறாமை, கோபம், ஜெபத்தில் கவனமின்மை, எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

உன் கடிதத்தில் “நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை” என்று ஒரு வரி இருக்கிறது. அதை மறுபடி படிக்க என்னால் முடியவில்லை.

நீ துடைத்தாய், மணவாளா. உன் கை சுத்தமாக இருந்தது. உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போடு.

சகாயராணி


சேதராப்பட்டு,
9 ஜூன் 2024

மதாம் அவர்களுக்கு,

படித்தேன். விஜயகுமாரியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். தட்டில் சோறு போட்டாள்.

தாளைத் திருப்பி அனுப்பினீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனுடைய படம் எங்கள் சூப்பர்வைசர் அரிகரன் போனில் இருக்கிறது. ராஜேஷ் அனுப்பி, அவன் இன்னொருவனுக்கு அனுப்பி, எப்படியோ வந்துவிட்டது. “பிரேக்க மட்டும் தொடாத அண்ணே, கம்பெனில அடிபட்டா என் வேலையும் சேந்து பூடும்” என்று சொல்லிவிட்டான். வண்டி கழுவுகிறேன். பஞ்சர் பார்க்கிறேன். ஐம்பத்திரண்டு வயசு எனக்கு.

நீங்கள் என்னைத் திட்டியது தெருவில், என் கடை வாசலில், நாலு பேர் பார்க்க. தப்பு உங்களுடையது என்று சொல்வது கவருக்குள்ளே, கோந்து தடவி. இந்தக் கடிதத்தை நான் யாரிடமாவது காட்டினால், மதாம் கையெழுத்தை நானே போட்டுக்கொண்டேன் என்பார்கள். காட்டவும் மாட்டேன். அது என் வேலை இல்லை.

தனக்கொடிக்கு இது தெரியுமா?

மணவாளன்


ஒதியம்பட்டு,
25 ஜூன் 2024

மணவாளா,

நான் பெரிய மனசுக்காரி என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். அதுவும் தவறு. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே தனக்கொடியிடம் போனேன். பஸ்ஸில் போனேன், காரை நான் எடுப்பதில்லை. அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னேன். கட்டிய பூவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “அப்போ அந்த அண்ணன் என் மூஞ்சியப் பாக்காம தலயக் குனிஞ்சிக்கினு பொட்டிக்குச் சக்கரம் போட்டுக் குடுத்துட்டுப் போச்சே, அது தப்பு பண்ணலன்னு ரெண்டு மாசமா உனக்குத் தெரிஞ்சிதான் இருந்துச்சா?” என்று கேட்டாள். முதல் முறையாக என்னை ‘நீ’ என்றாள். நான் ஆமாம் என்றேன். “போயி எல்லார்ட்டயும் சொல்லு. கால் வலியக்கூடப் பொறுத்துக்குவேன், இதப் பொறுக்க மாட்டேன்” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ரயில்வே கேட் டீக்கடைக்குப் போனேன். பூட்டியிருக்கும் உன் கடைக்கு எதிரே, நான் உன்னைத் திட்டிய அதே இடத்தில் நின்று, எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முடியும்வரை உட்காரவில்லை. நான் முடித்ததும் டீ ஆற்றுகிறவன் சிரித்தான். “சும்மா இருங்க மதாம். அவன் எழுதிக் குடுத்ததுதான் எல்லார் போன்லயும் இருக்குதே. கட மூடிட்டானேன்னு பாவப்பட்டுப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க” என்றான். இன்னொருவர் எழுந்து நாற்காலி போட்டார். “இந்த வயசுல யாருக்கு வரும்பா இந்த மனசு?” என்றார். இல்லை, உண்மையாகவே நான்தான் என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று.

மறுநாள் பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாட்டுக்குழுப் பெண்கூட வந்து நின்றாள். அந்த ஞாயிறு முழுவதும் நான் யாரையும் மறுக்கவில்லை. கேட்க இனிமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இப்படியே பழகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பங்குத் தந்தையிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “அப்படியானால் மணவாளன் ஏன் தன் தவறு என்று எழுதிக் கொடுத்தார்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உன் சூப்பர்வைசருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவரும் இதையேதான் கேட்பார். செய்யாத ஒன்றுக்கு ஒரு மனிதன் ஏன் கையெழுத்துப் போடுவான் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் போட்டான், என்னை நம்பியதால் போட்டான். ஆனால் அதை நான் சொன்னால் அதுவும் என் பெரிய மனசில் சேர்ந்துவிடுகிறது.

நீ எழுதியதை நீதான் மாற்றி எழுத முடியும். அந்தத் தாள் நீ மனமறிந்து எழுதியதல்ல, நான் வற்புறுத்தி வாங்கியது, உன் கையில் கிரீஸ் இல்லை, சக்கரத்தில் எண்ணெய் விட்டது சகாயராணி. இவ்வளவு போதும். இப்படி எழுதினால், செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுத்தவன் என்று நீயும் நாலு பேர் முன்னால் தலைகுனிய நேரும். அது எனக்குத் தெரிகிறது. உன்னிடம் நான் கையெழுத்துக் கேட்பது இது இரண்டாவது முறை. முதல் முறை கேட்க எனக்கு உரிமை இல்லை. இப்போதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எழுதித் தருவாயா, மாட்டாயா என்பதை எனக்கு எழுத்தில் தெரிவி.

சகாயராணி